தபலாவில் நட்வர் சோனி

அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரில் வாங்கி வந்தோம், பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ சிறப்புப் பதிப்பை. 1967ஆம் ஆண்டின் அவ்விசைத்தொகுப்பை, மூலத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ், ஐம்பதாம் ஆண்டான 2017இல் புதிதாக ஒலிக்கலவை செய்தார். துலக்கம் கூடியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. எனினும் நம்மைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று: ‘விதின் யூ விதவுட் யூ’ பாடலின் முதல் பதிவு. ஹாரிசனின் குரல் இல்லை. தில்ரூபா, தம்பூரா, தபலா ஒலித்தன.

சிப்காட்டில் இரவுப்பணி முடித்து வந்திருந்த தம்பி கேட்டான்: “வாசிக்கிறவங்க பேரு எங்கண்ணா?”

1967 உறையில் அப்பெயர்கள் இல்லை. தில்ரூபா அம்ரித் கஜ்ஜார், தம்பூரா புத்ததேவ் கன்சாரா, தபலா நட்வர் சோனி என அடையாளம் தெரிந்ததே 2017இல்தான்.

செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என இயற்பெயர் தொலைத்துத் தம் தொடராலேயே நிற்கும் குறுந்தொகைப் புலவர்களை வகுப்பில் எத்தனை நயம்படப் பேசியிருக்கிறோம்! அன்று அந்த நயம் நாவில் கசந்தது. தம்பி பத்தொன்பது ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளி. அவனுடைய அடையாள அட்டையில் ஒப்பந்தக்காரர் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும்.

“இன்னொரு தரம் போடுண்ணா” என்றான். போட்டோம். தபலா தொடங்கியதும், “சோனி” என்றான்.