பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன்

லண்டனில் நிதி நிறுவன இயக்குநர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். பெரிய பதவியில் இருப்பவர் தன் துறையில் நடந்ததற்குத் தானே பதில் சொல்ல வேண்டும் என்ற விதிமுறை, பிரிட்டனில் 2016 மார்ச்சில் வங்கிகளுக்கு வந்தது. 2019 டிசம்பரில் முதலீட்டு நிறுவனங்களுக்கும் வந்தது. அந்த விதிகளுக்கு இயக்குநர்களைத் தயார்ப்படுத்துவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கினேன். அவற்றிலிருந்து தப்பிக்கும் வழியைத்தான் கற்றுக்கொடுத்தேன்.

அறியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்ல முடியாது. இந்த விதிகள் ஏன் பிறந்தன என்பது எனக்கு மனப்பாடம். 2008இல் ஹெச்.பி.ஓ.எஸ். வங்கி சரிந்தது. அதற்காகத் தன் பெயரில் அபராதம் விதிக்கப்பட்டவர் பீட்டர் கம்மிங்ஸ் ஒருவர் மட்டுமே. 2012இல், ஐந்து லட்சம் பவுண்டு. வங்கியின் தலைவருக்கும் தலைமை நிர்வாகிகளுக்கும் அபராதம் இல்லை. மறுவருடம் நாடாளுமன்ற ஆணையம் அறிக்கை தந்தது. மேலே இருந்தவர்களுக்குக் கீழே நடப்பது தெரியவில்லை. தெரியாமல் இருப்பதையே அவர்கள் விரும்பியிருக்கலாம் என்றது. வகுப்பின் தொடக்கத்தில் இதைச் சொல்வேன். உருக்கமாகவே சொல்வேன்.

அடுத்த ஸ்லைடிலேயே தொனி மாறிவிடும். தவறு தன்னுடையதல்ல என்று நிரூபிக்கும் சுமையைப் பெரிய பதவியில் இருப்பவர் மேலேயே வைக்கத்தான் முதலில் சட்டம் எழுதினார்கள். நடைமுறைக்கு வருமுன் அதைக் கைவிட்டார்கள். இதைச் சொன்னதும் எதிரே இருக்கும் முகங்கள் தளரும். எனக்கு அது பிடிக்கும். அறைக்குள் பயத்தோடு வந்தவர்களை நிம்மதியோடு அனுப்புகிறேன் என்ற கர்வம் எனக்கு இருந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் என்னை மறுபடியும் கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும்.

ஒரு முதலீட்டு நிறுவனம். பெயர் வேண்டாம். செயல்பாடுகளுக்கான இயக்குநர் ஒரு பெண்மணி. தன் பொறுப்புகளைப் பட்டியலிடும் ஆவணத்தில் அவர் கையெழுத்திட வேண்டும். வாடிக்கையாளர் புகார்களும் அவர் பெயரின் கீழ் வந்திருந்தன. ஆனால் புகார்களைக் கையாளும் வேலையை நிறுவனம் வெளியே ஒரு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருந்தது. மாதாமாதம் ஓர் அறிக்கை வரும். எல்லாம் சரி என்று அதில் எல்லாக் கட்டங்களும் பச்சையாக இருக்கும்.

வகுப்பு முடிந்தபின் அவர் என்னிடம் வந்தார். "எப்போதும் பச்சையாகவே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருநாள் அங்கே போய்ப் புகார்க் கடிதங்களை நானே எடுத்துப் படிக்கட்டுமா?" என்று கேட்டார்.

அந்த விதிமுறை ஓர் இயக்குநரிடம் எதிர்பார்ப்பது இந்தக் கேள்வியைத்தான். வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது, ஒப்படைத்த வேலையைக் கண்காணிக்க வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. அவர் அதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்.

நான் சொன்னது இது: "போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும். மாத அறிக்கை ஃபைலில் இருக்கட்டும். அதைப் பற்றிக் கேட்டதாகக் கூட்டக் குறிப்பில் ஒரு வரி பதிவாகட்டும். போதும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒப்பந்தக்காரரைக் கிளறினால் தலைமை நிர்வாகிக்குப் பிடிக்காது. என்னை அழைத்தவர் அவர்தான். அடுத்த ஆண்டு வேலை போய்விடுமோ என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை.

இயக்குநர் போகவில்லை. நான் நிபுணன் என்று நம்பினார்.

புகார்கள் அங்கே திறக்கப்படாமலே குவிந்துகொண்டிருந்தன. பலர் தங்கள் சேமிப்பை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இறந்த கணவரின் பணத்தைக் கேட்டு ஒரு மூதாட்டி திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். ஒவ்வொரு கடிதத்திலும் கையெழுத்து முந்தியதைவிடக் கோணலாக இருந்ததாம். விஷயம் வெளியே வந்ததும் முதலில் வேலை இழந்தவர், ஒப்பந்தக்காரரிடம் குறைந்த சம்பளத்தில் இருந்த குழுத்தலைவி. ஆள் போதவில்லை என்று அவர் எழுதிக் கேட்டிருந்தார். பிறகு இயக்குநரும் பதவி விலகினார்.

2023 ஏப்ரலில் டி.எஸ்.பி. வங்கி வழக்கின் தீர்மானத்தைப் படித்தேன். 2018இல் அந்த வங்கி புதிய கணினி அமைப்புக்கு மாறியபோது லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த கார்லோஸ் அபார்காவுக்கு 81,620 பவுண்டு அபராதம். தயாராக இருக்கிறோம் என்று, வேலை ஒப்படைக்கப்பட்ட நிறுவனம் தந்த உறுதியைத் துருவிக் கேட்கவில்லை, போதிய மேற்பார்வை செய்யவில்லை என்பது குற்றம். அப்படித் துருவ வேண்டாம் என்றுதான் நான் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அந்த ஆவணத்தை முழுவதும் படித்து முடிக்க எனக்குத் தெம்பு வர இரண்டு நாள் ஆயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த முதலீட்டு நிறுவன இயக்குநரிடம் உள்விசாரணை நடந்தபோது, ஏன் நேரில் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டார்கள். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. முடிவு தன்னுடையது என்றார். விசாரணை நடப்பது எனக்குத் தெரியும். அன்று நான் சொன்னதை ஒரு கடிதமாக எழுதி அனுப்பியிருக்கலாம். அவர் மேலிருந்த பழி கொஞ்சம் குறைந்திருக்கும். நான் அனுப்பவில்லை. அந்த விதிகள் வெளியிலிருந்து வரும் பயிற்சியாளரைத் தொடுவதில்லை என்பதை நன்கு அறிந்தவன் நான். அதே வாரம் வேறொரு நிறுவனத்தில் அதே ஸ்லைடுகளோடு வகுப்பெடுத்தேன்.