நாணல் வீட்டு மாப்பிள்ளை

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர்ச் சாலையில் சுமார் 35 கிலோமீட்டர் போனால் செங்கம். ஜவ்வாது மலையில் பிறந்த செய்யாறு ஊரை ஒட்டி ஓடுகிறது. சங்க காலத்தில் நன்னன் ஆண்ட ஊர் இது. அவனைப் பாடிய 'மலைபடுகடாம்', இந்த மலைநாட்டின் ஓசைகளை அடுக்கிச் சொல்லும்போது கரும்பாலையின் ஓசையையும் விடவில்லை. செங்கத்துக் கரும்பு எவ்வளவு பழையது, பாருங்கள்!

அந்த ஓசையை நினைத்துக்கொண்டே ஒரு கரும்புத் தோட்டத்து வரப்பில் நின்றேன்.

"நல்ல இனிப்பான ரகமாகப் பார்த்து நடுவீர்களாக்கும்?" என்று தோட்டக்காரப் பெரியவரைக் கேட்டேன்.

"இனிப்பை மட்டும் பார்த்து ஒரு தடவை ஏமாந்தேன், தம்பி. செவ்வழுகல் நோய் வந்து தோட்டமே போச்சு. பொண்ணு கல்யாணம் ரெண்டு வருஷம் தள்ளிப் போச்சு. தூர் நிறையக் கட்டணும், காத்துக்குச் சாயக் கூடாது, நோய் தாங்கணும், வெட்டின கட்டை மறுபடி தழைக்கணும். அப்புறம்தான் இனிப்பு!" என்றார்.

பெண் பார்க்கப் போனால் அழகை மட்டும் பார்க்காதே என்று நம் பாட்டிமார் சொல்வதில்லையா? அதே பாடந்தான்!

கரும்புக்கும் இப்படிப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்து வைக்கும் இடம் ஒன்று உண்டு. 1912-ல் கோயமுத்தூரில் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையந்தான் அது. அங்கே சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் வட இந்தியாவுக்கு ஏற்ற கரும்பைத் தேடினார்கள். தெற்கத்திக் கரும்பு தடிமன், இனிப்பும் அதிகம். ஆனால் வடக்கத்திக் குளிரைத் தாங்காது. ஆகவே 'வெள்ளை' என்ற உயர்குலக் கரும்பை மணப்பெண்ணாக்கி, காட்டு நாணலை மாப்பிள்ளையாக்கினார்கள்! நாணலில் சாறும் இல்லை, ருசியும் இல்லை. ஆனால் வறட்சிக்கும் குளிருக்கும் அசையாத உடம்பு. பிறந்த குழந்தைதான் 'கோ 205'. 1918-ல் பஞ்சாபுக்குப் போய், அங்கிருந்த கரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது. 1930-களில் அதே நிலையத்தில் கரும்பின் இனக்கலப்பை ஆராய்ந்தவர் ஒரு பெண்மணி, ஜானகி அம்மாள் என்பது நமக்கெல்லாம் பெருமை.

கல்யாணம் சுலபம், தேர்வுதான் கஷ்டம். ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, குறையுள்ளவற்றைக் கழித்துக் கழித்து, ஒன்றைப் பொறுக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். பெரியவர் தோட்டத்தில் நின்ற 'கோ 86032', 1986-ல் எண் பெற்று, 2000-ல்தான் உழவர் கைக்கு வந்தது. அதன் உடம்பிலும் நாணலின் ரத்தம் ஓடுகிறது.

திரும்பும்போது செய்யாற்றங்கரையில் நாணல் காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்தது. யாரும் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நாளைக் காலை காப்பிக்குச் சர்க்கரை போடும்போது, இனிப்பே இல்லாத அந்த மாப்பிள்ளையையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே!