ராத்திரி டியூட்டிக்கு எத்தனை பேர்?

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதினால் முதலில் மாட்டுவது நான்தான். பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லம். பெயர் வேண்டாம். மொத்தம் 38 பேர். முன்கட்டில் 24 பேர், மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டுகிறவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அம்மாக்கள். பின்கட்டில் 14 பேர், இலவசம். பேருந்து நிலையத்திலிருந்தும் அரசு மருத்துவமனை வராண்டாவிலிருந்தும் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். நன்கொடை கேட்கும் நோட்டீஸில் பின்கட்டுக்காரர்களின் முகம்தான் இருக்கும். அந்தப் பதினான்கு பேரில் பாதிக்கு மேல் நம் ஆட்கள். இதை யாரும் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பெயரையும் அப்பா பெயரையும் கேட்டால் தெரிந்துவிடும்.

என் சின்னம்மா அங்கே ஆயா. ஐம்பத்திரண்டு வயது. சித்தப்பா போன பிறகு நூறு நாள் வேலையையும் நாற்று நடவையும் வைத்துக் குடும்பம் ஓடவில்லை. அந்த இல்லத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து, நான்தான் பேசி சேர்த்துவிட்டேன். மாதம் 7,500 ரூபாய், இரண்டு வேளைச் சாப்பாடு.

அடுத்த வருடம் எங்கள் நிறுவனத்திலிருந்து மாவட்டத்தில் உள்ள இல்லங்களைப் பார்த்து அறிக்கை தரும் வேலை வந்தது. அந்த இல்லமும் பட்டியலில் இருந்தது. சொந்தக்காரர் வேலை செய்யும் இடத்துக்கு நான் போகக் கூடாது. சொல்லி விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. சின்னம்மாவைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று ஒரு சின்ன ஆசை, அவ்வளவுதான்.

படிவத்தில் ஒரு கேள்வி: ‘போதிய பணியாளர்கள் உள்ளனரா? ஆம் / இல்லை.’ மேலாளர் பதிவேட்டைக் காட்டினார். பதினோரு பேர். 38 பேருக்குப் பதினோரு பேர் என்றால் நல்ல விகிதம்தானே. ‘ஆம்’ என்று டிக் போட்டேன். சின்னம்மா நீல நிறப் புடவையில் வராண்டா ஓரமாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. வெயிலுக்கு மோர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பதினோரு பேர் யார் என்று பிறகுதான் விரித்துப் பார்த்தேன். மேலாளர், கணக்கு எழுதுபவர், சமையலுக்கு இரண்டு பேர், வாட்ச்மேன், டிரைவர், தோட்டக்காரர், வாரம் இரண்டு நாள் வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போகும் ஒரு நர்ஸ். இது எட்டு. மீதி மூன்று பேர் ஆயாக்கள். ஒரு மனுஷியைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, டயாப்பர் மாற்றுவது, ஊட்டிவிடுவது எல்லாம் அந்த மூன்று பேர்தான். பகலில் இரண்டு பேர், காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை. இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை ஒரே ஒரு ஆள். வார லீவு கிடையாது. மூன்று பேரும் காலனிக்காரர்கள். எட்டுப் பேரில் ஒருவர்கூட இல்லை.

கணக்கு போட்டுப் பாருங்கள். பகலில் இரண்டு பேருடைய நேரம் 28 மணி, இரவில் 10 மணி. ஆக 38 மணி நேரம், 38 முதியவர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அதிலேயே தரை துடைப்பது, கக்கூஸ் கழுவுவது, மூத்திரத் துணி அலசுவது எல்லாம் அடக்கம். இரவை மட்டும் எடுத்தால் ஆளுக்குப் பதினாறு நிமிடம்கூட வராது.

ஆஸ்திரேலியாவில் இதை நிமிடக் கணக்காகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 2024 அக்டோபரிலிருந்து ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் பதிவு பெற்ற நர்ஸ் தர வேண்டும். துடைப்பதும் துணி துவைப்பதும் அந்தக் கணக்கில் சேராது. அமெரிக்காவிலும் 2024இல் நாளைக்கு 3.48 மணி நேரம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இல்லம் நடத்துபவர்களின் சங்கங்கள் வழக்குப் போட்டன, 2025இல் டெக்சாஸ் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆள் கிடைக்காது, கட்டுப்படியாகாது என்று அங்கேயும் அதே பாட்டுதான். ஆனால் அங்கே சண்டையாவது எண்ணைப் பற்றி நடக்கிறது. நம் படிவத்தில் ‘போதிய’ என்ற ஒரு சொல். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யார் எதை வேண்டுமானாலும் போதும் என்று சொல்லிவிடலாம். நானே சொன்னேன்.

இனி அந்த ராத்திரி.

பின்கட்டில் ஒன்பது பேர் படுத்த படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். பத்து மணி நேரத்தில் ஒருவருக்கு ஐந்து முறை என்றால் நாற்பத்தைந்து முறை. உண்மையில் ஒருவரைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். சின்னம்மா போர்வையைச் சுருட்டிப் பிடித்து, முட்டியைக் கட்டிலில் ஊன்றி, தனியாகவே புரட்டக் கற்றுக்கொண்டிருந்தார். இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. பயிற்சி என்று ஒரு நாள்கூட நடந்ததில்லை. அவருக்கு இடுப்பு வலி வந்தது அப்படித்தான்.

அன்றைக்குப் பின்கட்டில் ஒரு தாத்தாவுக்கு வயிற்றுப்போக்கு. பறையடிக்கிற குடும்பம். ஒரு காலத்தில் ஐந்து ஊருக்குச் சாவு சொல்லப் போனவர். நான்காவது தடவையாக அவரைக் கழுவி, பாய் மாற்றிக்கொண்டிருந்தபோது மணி இரண்டரை இருக்கும். அதே நேரத்தில் முன்கட்டில் ஒரு பாட்டி, ஓய்வுபெற்ற டீச்சர், எண்பத்தொரு வயது, தானாக எழுந்து பாத்ரூம் போயிருக்கிறார். ஈரத் தரை. பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி கிடையாது. லைட் சுவிட்ச் கதவுக்கு வெளியே, எட்டாத உயரத்தில். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கூப்பிட மணி இல்லை. கத்தியது பின்கட்டுக்குக் கேட்கவில்லை. சின்னம்மா வந்து பார்த்தபோது நாற்பது நிமிடமாவது ஆகியிருக்கும்.

"என்னை ஏம்மா கூப்புடலன்னு கேட்டேன் பாப்பா. நீ ஒண்டியா அலையிறியே, எதுக்கு உன்னை இழுக்கணும்னு பார்த்தேன்னுச்சு அந்தம்மா. தரையில கெடந்துக்கினே சொல்லுது."

மறுநாள் டீச்சரின் மகன் வந்தார். வராண்டாவில் நின்று கத்தியிருக்கிறார். காசு கட்டுகிறவர்களை விட்டுவிட்டு ஓசிக்குக் கிடக்கிறவன் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். ‘இந்த மாதிரி ஆளுங்களை உள்ள விட்டா இப்படித்தான்’ என்றாராம். சாதிப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே சொல்லத் தெரிந்தவர்கள்தான் இப்போது அதிகம். அம்மா விழுந்துவிட்ட கோபம் அவருக்கு, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கோபம் கம்பி வைக்காத சுவரைப் பார்த்துப் போகவில்லை, ஒரே ஆளை வைத்து இரவை ஓட்டும் நிர்வாகத்தைப் பார்த்தும் போகவில்லை. நேராகச் சின்னம்மாவிடம் வந்து நின்றது. நிர்வாகத்துக்கும் அதுதான் வசதி. அன்று சாயங்காலமே நிறுத்திவிட்டார்கள். இருபத்தாறு நாள் சம்பளத்தையும் தரவில்லை. போலீசில் கம்ப்ளெயின்ட் கொடுக்காமல் விட்டோமே என்று சந்தோஷப்படு என்றார்களாம்.

சமூகவியலில் எம்.ஏ. படித்தவள் நான். அம்பேத்கர் 1936இல் சாதியையும் வேலையையும் பற்றி எழுதியதைத் தேர்வுக்காகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அது ஒரு முதியோர் இல்லத்தின் டியூட்டி சார்ட்டாக என் எதிரில் தொங்கியபோது எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அந்த இல்லத்தில் ஆயாக்கள் சமையல்கட்டுக்குள் போகக் கூடாது. எழுதி ஒட்டவில்லை, எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குச் சாப்பாடு பின்வாசலில், அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டில். முன்கட்டில் ஒரு அம்மா பகலில் சின்னம்மா கையால் தண்ணீர் வாங்க மாட்டார், சமையல்காரம்மாதான் வர வேண்டும். ஆனால் கழுவிவிடச் சின்னம்மா வேண்டும். இரவில் சமையல்காரம்மா இல்லையே, அப்போது என்ன செய்வார் என்று கேட்டேன். சின்னம்மா சிரித்துவிட்டார். "ராத்திரி தண்ணிக்கு ஜாதி கெடையாது பாப்பா."

பீ அள்ளுகிற வேலையென்றால் குறைந்த ஆள் போதும், குறைந்த கூலி போதும், பயிற்சி தேவையில்லை என்று எப்படி முடிவாகிறது? அதை யார் செய்கிறார்கள் என்பதிலிருந்துதான் முடிவாகிறது. உண்மையில் இது திறமை வேண்டிய வேலை. விழுங்க முடியாதவருக்குப் புரையேறாமல் ஊட்டுவதும், புண் வருவதற்கு முன்னால் தோல் சிவப்பதைக் கண்டுபிடிப்பதும், ஞாபகம் தப்பியவர் கதவைத் திறந்து போய்விடாமல் பார்ப்பதும் சும்மா வந்துவிடாது. ‘ஆயா வேலைதானே’ என்று ஆகிவிட்ட பிறகு, அந்த வேலையைச் செய்கிறவளும் அந்த வேலை யாருக்காக நடக்கிறதோ அவரும் சேர்ந்துதான் விழுகிறார்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்று என்று தொடங்கி, வறிய முதியவர்கள் 150 பேராவது தங்கும்படி மாநில அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. ‘அமைக்கலாம்’தான், ‘அமைக்க வேண்டும்’ இல்லை. பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனு போட அந்தச் சட்டம் உதவும். பிள்ளைக்கே மூன்று வேளைச் சோறு இல்லாத வீட்டில் அதை வைத்து என்ன செய்வது? 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. இல்லங்களுக்குப் பதிவு, குறைந்தபட்சத் தரம் எல்லாம் அதில் இருந்தன. நிலைக்குழுவுக்குப் போனது, நிறைவேறவில்லை, 2024இல் அந்த மக்களவையோடு காலாவதியானது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். பன்னிரண்டாயிரம் கட்டும் முன்கட்டு நம் ஆட்களுக்குக் கிடையாது. பின்கட்டுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கு இரண்டு கட்டுகளின் கிரில் கேட்டையும் பூட்டிச் சாவியை சின்னம்மா முந்தானையில் முடிந்துகொள்வார். வாட்ச்மேனிடம் தெருக்கேட்டின் சாவி மட்டும். பின்கட்டில் இருக்கும்போது முன்கட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றமும் தானாக விசாரித்தது. சங்கிலிக்குப் பதில் பூட்டு, கொட்டகைக்குப் பதில் கான்கிரீட். தனியாக நடக்க முடியாத 38 பேருக்கு இதில் பெரிய வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. மாவட்ட சமூகநல அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆய்வு அறிக்கையில் என் டிக் தவறு, ஆயாவாக வேலை செய்பவர் என் உறவினர், அதை அப்போது நான் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டேன். படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேர்க்கக் கேட்டேன்: இரவு பத்து மணிக்கு விழித்திருக்கும் பராமரிப்பு ஆட்கள் எத்தனை, அவர்கள் பார்க்க வேண்டிய முதியவர்கள் எத்தனை பேர், அதில் படுக்கையில் கிடப்பவர்கள் எத்தனை பேர். ஆய்வுக்கு ஒரு தடவையாவது இரவில், சொல்லாமல் போக வேண்டும் என்றும் எழுதினேன். எங்கள் நிறுவனத்தில் இந்தக் கடிதத்துக்காக என்னிடம் விளக்கம் கேட்டார்கள். அது நியாயம்தான், கொடுத்தேன். இனி ஆய்வுக் குழுவில் நான் இல்லை. கடிதத்துக்கு இதுவரை பதில் வரவில்லை.

சம்பள பாக்கிக்குத் தொழிலாளர் துறையில் மனு கொடுத்தோம். இரண்டு மாதம் அலைந்து, ஐயாயிரம் வந்தது. மீதியைக் ‘கழித்துக்கொண்டோம்’ என்றார்கள். எதற்குக் கழித்தார்கள் என்று ரசீதில் இல்லை. டீச்சருக்கு ஆபரேஷன் ஆகி, இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். சின்னம்மா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எனக்குச் சொல்லாமலே போயிருக்கிறார். உள்ளே கூப்பிட்டார்களா என்று நான் கேட்கவில்லை. வயிற்றுப்போக்கு வந்த தாத்தா அடுத்த வாரமே இறந்துவிட்டார். அவரைப் பற்றி விசாரிக்க யாரும் வரவில்லை.

போன வாரம் சின்னம்மாவுக்கு வேறொரு இல்லத்தில் வேலை கிடைத்தது. இந்த முறை நான் பேசவில்லை, பக்கத்து வீட்டு அக்கா சொல்லி சேர்ந்தார். சேர்ந்த அன்று ராத்திரி போன் செய்தேன்.

"எத்தனை பேரு சின்னம்மா?"

"இருபத்தாறு."

"ராத்திரிக்கு?"

"நான்தான்."