குட்டை கியர் லீவரும் ஒரு கடகட சத்தமும்

வீட்டில் கார் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால் ‘ஷார்ட் ஷிஃப்டர்’ என்ற சொல் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். கம்பெனி பொருத்தி அனுப்பும் கியர் லீவரைக் கழற்றிவிட்டு, வெளியில் விற்கும் வேறொரு லீவரைப் போடுவதுதான் அது. கியர் மாற்றக் கை நகரும் தூரம் குறையும். வெடுக்கென்று கியர் விழும். இளவட்டங்களுக்கு அதில் ஒரு சந்தோஷம். ஆனால் கூடவே ஒரு கடகட சத்தமும் வந்து ஒட்டிக்கொள்வது உண்டு. அந்தச் சத்தத்தோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கு நின்ற கதைதான் இது.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். நெம்புகோலுக்கு எங்கள் வாத்தியார் சொன்ன பெயர் ‘லெவியே’. அது ஊன்றி நிற்கும் இடம் ‘புவான் தப்புய்’. கியர் லீவரையும் பிரெஞ்சில் ‘லெவியே த விதெஸ்’ என்றுதான் சொல்வார்கள். ஆகவே அது ஒரு நெம்புகோல் என்பதை எனக்கு யாரும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. நடுவில் ஒரு உருண்டை மூட்டு, அதுதான் ஊன்றுமிடம். மேல் நுனியைக் கை தள்ளுகிறது. கீழ் நுனி கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பியை நகர்த்துகிறது.

கார் என் தம்பி 2001-இல் வாங்கியது. தம்பி போய் நான்கு வருடம் ஆகிறது. இப்போது ஓட்டுவது அவன் மகன். அவன்தான் போன வருடம் இந்தக் குட்டை லீவரைப் போட்டான். பழையதை எறியாமல் டிக்கியில் வைத்திருந்தது நல்லதாயிற்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தேன். மூட்டுக்கு மேலே இரண்டிலும் 25 சென்டிமீட்டர். கீழே பழையதில் 5, புதியதில் 7. அவ்வளவுதான் வித்தியாசம். முன்பு கை 10 சென்டிமீட்டர் நகர்ந்த இடத்தில் இப்போது 7 சென்டிமீட்டர் போதும். பதிலுக்கு 1.4 மடங்கு பலமாகத் தள்ள வேண்டும். தூரத்தில் மிச்சம் பிடித்ததைப் பலத்தில் கட்டியாக வேண்டும். நெம்புகோல் கணக்கில் தள்ளுபடி கிடையாது.

சத்தம் மட்டும் இந்தக் கணக்கில் வரவில்லை. அதனால்தான் வீட்டில் பிரச்சினை. தம்பி மனைவிக்குத் தாய்வீடு காரைக்கால், சுமார் 130 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை வயதான அம்மாவைப் பார்க்கக் காரில் போய்வருவார். சத்தம் வந்ததிலிருந்து பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டார். “அவர் இருந்தப்ப இந்த வண்டி இப்படி அலறினதே இல்ல மாமா. வித்துடலாம்னு இருக்கேன்” என்றார். கார் பதிவு 15 வருடத்துக்கு ஒருமுறை முடிந்து, பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும் அல்லவா? அடுத்த புதுப்பிப்புக்கு முன்பே விற்றுவிடுவது என்று அவர் முடிவுகட்டியிருந்தார். பையனுக்கு அழாத குறை. மெக்கானிக் ஒருவர் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், முப்பதாயிரம் ஆகும் என்றிருந்தார்.

இறக்குவதற்கு முன் நாமே ஒருமுறை பார்ப்போம் என்றேன். அலுவலகத்தில் ஒரு ஃபைல் காணாமல் போனால் பீரோவை எல்லாம் கவிழ்க்க மாட்டோம். பதிவேட்டில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவரிடம் போய் நிற்போம். காரில் கடைசியாக மாறியது லீவர். தேடல் அங்கேதான் தொடங்க வேண்டும்.

வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் மெல்ல ஆக்சிலரேட்டரை அழுத்தச் சொன்னேன். 3,000 சுற்றை நெருங்கியதும் சத்தம் கிளம்பியது, தாண்டியதும் அடங்கியது. நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிரும். 3,000 சுற்றில் அது விநாடிக்கு 100 அதிர்வு. எங்கோ தளர்ந்த ஒரு பாகம் அந்த அதிர்வுக்கு மட்டும் தாளம் போடுகிறது.

அடுத்து கிளட்ச். மிதித்தாலும் விட்டாலும் சத்தம் ஒரே மாதிரி. கிளட்ச்சை மிதித்தால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பு விட்டுப்போகும். சத்தம் கியர்பாக்ஸ் உள்ளேயிருந்து வந்தால் அப்போது மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. முப்பதாயிரம் பிழைத்தது.

பிறகு குமிழைக் கழற்றினோம், சத்தம் போகவில்லை. எனக்குக் காது மந்தம், அதனால் லீவரையே கையால் பிடித்துப் பார்த்தேன். முன்னும் பின்னும் அழுத்தினால் சத்தம் நிற்கவில்லை. இடப்பக்கம் லேசாகச் சாய்த்தால் சட்டென்று நின்றது. அப்படியானால் ஆட்டம் பக்கவாட்டில் இருக்கிறது.

“ஓட்டும்போது இப்படித்தான் பெரியப்பா, கையை மேலேயே வெச்சுக்குவேன். சத்தம் வராது” என்றான் பையன். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பகீரென்றது. லீவர் மேல் கையைச் சுமத்திக்கொண்டே ஓட்டினால் அந்த அழுத்தம் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கவட்டை வரைக்கும் போகும். சுழல்கிற பாகத்தின் மேல் அது உரசிக்கொண்டே இருந்தால் தேய்ந்துபோகும். பொய்யாகச் சொன்ன முப்பதாயிரம் செலவு ஒருநாள் மெய்யாகியிருக்கும்.

மறு ஞாயிறு காரை ராம்ப் மேல் ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சைலன்சர் குழாய் ஆறிய பிறகு அவன் கீழே போனான். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. இரண்டு குறைகள் தெரிந்தன. லீவரின் கீழ் நுனித் துளையில் இருந்த பிளாஸ்டிக் புஷ், போல்ட்டை விட அரை மில்லிமீட்டர் பெரிது. அந்த அரை மில்லிமீட்டர் மேலே குமிழில் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் ஆட்டமாகத் தெரியும். இரண்டாவது, அடித்தட்டு போல்ட்டுகளுக்குக் கீழே இருக்க வேண்டிய ரப்பர் வாஷர்கள் இல்லை. ரப்பர் இருந்தால் கியர் கொழகொழவென்று இருக்கும் என்று பொருத்தியவர்கள் எடுத்துவிட்டார்களாம். இரும்போடு இரும்பு முறுக்கியிருந்தது. இன்ஜின் அதிர்வு முழுக்க நேராக மேலே ஏறியது.

லேத் பட்டறையில் நைலான் துண்டில் போல்ட்டுக்குச் சரியாக ஒரு புஷ் கடைந்து வாங்கினோம். பக்கவாட்டு இடைவெளிக்கு இரண்டு மெல்லிய நைலான் வாஷர். பழைய ரப்பர் வாஷர்கள் பழைய லீவரோடு டிக்கியிலேயே கிடந்தன. உருண்டை மூட்டைத் துடைத்து லித்தியம் கிரீஸ் வைத்தோம். மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம். புஷ் மாற்றியதும் முக்கால்வாசி போனது. ரப்பர் வைத்ததும் மீதியும் போனது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றியிருந்தால் எது குணப்படுத்தியது என்றே தெரிந்திருக்காது.

மூன்றாவது ஞாயிறு மூவரும் காரைக்கால் போனோம். பையன் யாரும் சொல்லாமலே பழைய லீவரின் குமிழை எடுத்துப் புதியதில் திருகியிருந்தான். எண்கள் பாதி அழிந்துபோன குமிழ். கடலூர் தாண்டும்வரை தம்பி மனைவி ஒன்றும் பேசவில்லை. பிறகு, “புதுப்பிக்க எவ்வளவு ஆகும்னு விசாரிச்சியாடா?” என்று மகனைக் கேட்டார்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இந்த லீவரைப் போட ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். கீழ்த்துளை புஷ் போல்ட்டுக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரப்பரை எடுக்க விடாதீர்கள். லீவர் மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் கட்டி டிக்கியில் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.