மீனுக்கும் ஓர் ஏணி

கனடாவின் வடமேற்கு மூலையில் யூக்கான் என்று ஒரு நதி இருக்கிறது. பனிமலை ஏரிகளில் பிறந்து, அலாஸ்காவைக் குறுக்கே கடந்து, பேரிங் கடலில் போய் விழுகிறது. நீளம் சுமார் 3,190 கிலோமீட்டர். இதன் கரையில் உள்ள ஒயிட்ஹார்ஸ் என்ற சிறிய ஊரில்தான் என் மகள் குடித்தனம் செய்கிறாள். 2023-ல் அவள் பிரசவத்துக்காக ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அங்கே இருந்தேன்.

நான் போய் இறங்கியபோது எங்கு பார்த்தாலும் பனி. ஆனால் ஊருக்கு மேலே மார்ஷ் ஏரியின் ஓர் ஓரத்தில் மட்டும் சீக்கிரமே பனிக்கட்டி உருகித் தண்ணீர் தெரிந்தது. அங்கே கூட்டம் கூட்டமாக வெள்ளை அன்னங்கள்! முட்டையிட வடக்கே போகிற வழியில் இளைப்பாறி, இரை தேடிக்கொண்டு கிளம்புமாம். ஜூன் மாதம் வந்ததும் இரவு பதினோரு மணிக்கும் வெளிச்சம். குழந்தையைத் தூங்க வைக்க சன்னலுக்குக் கம்பளி கட்ட வேண்டியதாயிற்று. குதிரையைவிட உயரமான மூஸ் என்கிற மான், குட்டியோடு ஆற்றோரத்தில் நின்று தழை மேய்வதையும் பார்த்தேன்.

ஆகஸ்டில் ஒருநாள் மகள், "அம்மா, மீன் ஏணி பார்க்கப் போகலாம், வர்றியா?" என்றாள்.

"மீனுக்கு ஏணியா?" என்று சிரித்தேன். நிஜமாகவே இருக்கிறது! 1958-ல் மின்சாரத்துக்காக ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். மீன்களுக்கு வழி அடைபட்டுப் போனதால், 1959-ல் மரத்தால் படிப்படியாகத் தொட்டிகள் அமைத்துத் தண்ணீரை விட்டார்கள். மீன் ஒவ்வொரு படியாக ஏறி அணையைத் தாண்டுகிறது. பக்கத்தில் கண்ணாடிச் சன்னல் வைத்து, போகிற மீன்களை எண்ணுகிறார்கள்.

சினூக் என்னும் பெரிய சால்மன் மீன் இது. இங்கேதான் கூழாங்கற்களுக்கு அடியில் முட்டையிலிருந்து பிறக்கிறது. பிறகு கடலுக்குப் போய்ச் சில வருஷம் வளர்ந்து, தான் பிறந்த ஓடைக்கே முட்டையிடத் திரும்புகிறது. ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், எதிர்நீச்சல்! ஆற்றுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புதான் அதற்குக் கட்டுச்சோறு. முட்டையிட்டதும் இறந்துவிடுகிறது.

நாங்கள் நின்ற அரைமணி நேரத்தில் வந்தது ஒரே ஒரு பெண்மீன். சிவந்த உடம்பு, கிழிந்த வால். என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு காலத்தில் கனடாப் பக்கத்தில் பிறந்த சினூக் மீன்கள் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஆற்றுக்குத் திரும்பின. 2022-ல் எல்லையைத் தாண்டி வந்தவை சுமார் 12,000தான். கடலும் ஆறும் சூடாவதும், வழியில் மீனைத் தாக்கும் நோயும் காரணம் என்கிறார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: சில மீன்களின் முட்டைகளில் பி1 வைட்டமின் குறைவாக இருக்கிறதாம். தாய் தின்ற இரையில் சத்து இல்லையென்றால் குஞ்சுக்கு எங்கிருந்து வரும்? பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பத்தியம் பார்த்துச் சமைத்துப்போட்ட எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

கஷ்டம் மீனோடு நிற்கவில்லை. அந்த ஆற்றங்கரைப் பழங்குடிக் குடும்பங்கள் கோடையில் கரையிலேயே தங்கி, மீனைக் கீறி, புகையில் உலர்த்தி, குளிர்காலத்துக்குச் சேமிப்பது வழக்கம். ஏணி அருகே பழகிய ஒரு பாட்டி என்னிடம், "எங்க அம்மா எனக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. நானும் பேத்திக்குச் சொல்லித்தரத் தயார்தான். ஆனா மீன் எங்கே?" என்று கேட்டார். என் மகள்தான் அதைத் தமிழில் சொன்னாள். அஞ்சறைப்பெட்டியும் அம்மியும் இருந்து, அரைக்க ஒன்றும் இல்லாத வீட்டை நினைத்துக்கொண்டேன்.

2024 ஏப்ரலில் கனடாவும் அலாஸ்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஏழு வருஷத்துக்கு யூக்கானில் சினூக் மீன் பிடிப்பது நிறுத்தம். ஏன் ஏழு? முட்டையாகப் பிறந்தது தாயாகத் திரும்ப அவ்வளவு காலம் வேண்டும். சாப்பாட்டுக்கே அந்த மீனை நம்பியிருந்தவர்களும் வலையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். இதில் பெரிய தியாகம் அவர்களுடையதுதான்.

அந்தத் தவணை முடிகிறபோது என் பேத்திக்கு ஏழு வயது ஆகியிருக்கும். அந்தப் பாட்டியின் பேத்தி கையில் கத்தியும், எதிரே பலகையில் மீனும் இருக்க வேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை.