சித்தி என்று ஒரு சொல்

2020 ஆகஸ்டு 11. துணை அதிபர் வேட்பாளராகக் கமலா ஹாரிஸை ஜோ பைடன் அறிவித்தார். கொரோனாவில் முடங்கிக் கிடந்த பிரசாரத்துக்கு 48 மணி நேரத்தில் 4.8 கோடி டாலர் நன்கொடை குவிந்தது.

அடுத்த வாரம் கட்சி மாநாட்டு உரையில் கமலா வாயிலிருந்து "சித்தி" வந்தது. சமயநல்லூர் வீட்டு அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியும் கையுமாக ஓடி வந்தார். "சித்தின்னா சொல்லுச்சு? திரும்பப் போடுய்யா." மூன்று தடவை போட்டேன். கமலாவின் தாத்தா கோபாலனின் ஊர் துளசேந்திரபுரம் என்றதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

துணை வேட்பாளரால் மட்டும் தேர்தலை ஜெயிக்க முடியாதுதான். 2008இல் துணை வேட்பாளராகச் சாரா பேலின் வந்ததும் அதிபர் வேட்பாளர் மெக்கெயினுக்கு ஏறிய வேகம் நவம்பர்வரை நிற்கவில்லை. ஆனால், ஒதுங்கி நிற்பவரை உள்ளே இழுக்கத் துணை வேட்பாளரால் முடியும். முடிவு வரும்வரை அமெரிக்கச் செய்தியை அம்மா ஒருநாளும் விடவில்லை.