வராத பேண்ட்

ஜெல்லை யுவி விளக்கின் மேல் வைத்ததும் தண்ணீர் ஊற்றிய வரிசையைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கே எதுவும் தெரியக் கூடாது. அடுத்தது ஒரு பெண்ணின் டிஎன்ஏ ஓடிய வரிசை. ஒய் குரோமோசோமுக்கு உரிய பேண்ட், அதாவது ஒளிக்கோடு, அதில் மினுக்கென்று தெரிந்தாலும் மாதிரி எங்கோ கலந்திருக்கிறது; அன்றைய வேலை மொத்தமும் குப்பைக்கு. இவை சரியாக இருந்தால்தான், விந்தணுவே இல்லை, 'நில் கவுண்ட்' என்று செமன் ரிப்போர்ட் வந்தவரின் வரிசைக்கு வருவேன்.

ஒன்று இருக்கிறது என்று காட்டுவது சுலபம். இல்லை என்று எழுதித் தருவதில்தான் கை நடுங்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒருவரின் மாதிரியில் எஸ்ஒய்254, எஸ்ஒய்255 என்ற அடையாளத் துண்டுகள் இரண்டும் விழவில்லை. ஒய்யில் விந்தணு உற்பத்திக்கு வேண்டிய ஏஇசட்எஃப்சி பகுதி இல்லை என்று எழுதிக் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். மேடம் படத்தை வாங்கிப் பார்த்தார். "எஸ்ஆர்ஒய் பேண்டே மங்கலா இருக்கேப்பா, டிஎன்ஏ நல்லா இருந்துச்சா?" ஆணின் டிஎன்ஏ நன்றாக இருந்தால் தெளிவாக விழ வேண்டிய பேண்ட் அது. டிஎன்ஏவைத் திரும்ப எடுத்து ஓட்டினேன். எஸ்ஒய் துண்டுகள் இரண்டும் பளிச்சென்று வந்தன.

1976இல் இத்தாலியில் தியேபோலோ, ஜுஃபார்தி என்ற இரு ஆய்வாளர்கள் 1,170 ஆண்களின் குரோமோசோம்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். ஆறு பேருக்கு ஒய்யின் நீண்ட கையில் நுனி குறைந்திருந்தது. ஆறு பேருக்கும் விந்தணு இல்லை. நாங்கள் இன்று பிசிஆரில் தேடும் துண்டுகள் அப்படிக் கண்ணுக்குத் தெரியாதவை. ஏஇசட்எஃப்சியில் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் நீண்ட பகுதிகள் தங்களுக்குள் பிணைந்துகொள்ள, நடுவிலுள்ள சுமார் 35 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் உதிர்ந்துபோகின்றன. அதோடு டாஸ் மரபணுவும் போய்விடும். டாஸ் இயங்குவது விந்தணுவாக மாறும் செல் வரிசையில் மட்டும்தான். ஆகவே மீசையிலோ குரலிலோ தாம்பத்தியத்திலோ குறை தெரியாது. எங்களிடம் வருவதற்குள் மனைவிக்கு எல்லா ஸ்கேனும் முடிந்திருக்கும்.

விந்தகம் ஒரு விசித்திரமான பட்டறை. உடலில் வேறெந்தத் திசுவைவிடவும் அதிக வகை மரபணுக்கள் இயங்கும் இடம் அது. விந்தணு உருவாகும்போது ஒரு கட்டத்தில் எக்ஸ், ஒய் இரண்டும் கடையடைத்துவிடும். சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்க வேண்டிய பிஜிகே1 மரபணு எக்ஸில் இருக்கிறதே, என்ன செய்வது? 6ஆம் குரோமோசோமில் அதன் நகலான பிஜிகே2 கடை திறக்கிறது. இத்தனை கைமாற்றத்தில் எது தவறினாலும் விந்தணு வராது. அதனால்தான் பலருக்கு எல்லாப் பேண்டும் விழுந்தும் காரணம் பிடிபடுவதில்லை.

ஒய்யில் குறை பிடிபட்டால், ஏஇசட்எஃப்பின் ஏ, பி, சி பகுதிகளில் எது என்பதே கேள்வி. ஏயோ பியோ முழுதாகப் போயிருந்தால் விந்தகத்தைக் கிழித்துத் தேடிப் பயனில்லை. சி மட்டும் என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆபரேஷனில் விந்தணு கிடைக்கிறது. பிறக்கும் மகன்களுக்கும் அதே குறை போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

குழாய் அடைப்பு இல்லை, உற்பத்தியே இல்லை என்று டாக்டர் சொன்னால் இரண்டு குழாய் ரத்தம் கொடுங்கள். குரோமோசோம்களைப் பார்க்கும் கேரியோடைப்புக்குப் பச்சை மூடி, ஒய் சோதனைக்கு ஊதா மூடி. இரண்டு ரிப்போர்ட்டும் கைக்கு வரும்வரை ஆபரேஷனுக்கு நாள் குறிக்காதீர்கள்.